காலையில் மட்டும் கேட்ட சத்தம்

அந்தப் பட்டறைக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் என்றால் வழி காட்டுவார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்து தொலைக்கும். அதனால் மனிதருக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ஒரு பிடிவாதம்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகாமல் காது வைக்க மாட்டார். குளிர்ந்த எஞ்சின் தூக்கத்தில் உளறுகிற மாதிரி, அதையெல்லாம் கேட்டால் பிழைப்பு நடக்குமா என்பார்.

அவருடைய அக்கா இரண்டு மாதத்தில் மூன்று முறை காரைக் கொண்டுவந்துவிட்டாள். டிக் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் புகார். அவள் வீட்டிலிருந்து பட்டறைக்கு அரைமணி நேர ஓட்டம். அவர் காது வைத்தார், நீளமான திருப்புளியை எஞ்சினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தும் கேட்டார். சத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டாம் முறை வண்டியை ராத்திரி பட்டறையிலேயே நிறுத்திவைத்தார். காலையில் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்துதான் கேட்டார். அப்போதும் ஒன்றுமில்லை.

மூன்றாம் முறை அவருக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, வண்டி கல்லு மாதிரி இருக்கு. சத்தம் உன் காதுலதான் இருக்கு" என்றார். பட்டறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

நான்காம் முறை அவள் பஸ்ஸில் வந்தாள். கார் சாவியை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"இனிமே நான் ஓட்டல. அத்தானை வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக ஓர் ஆளை மட்டும் ஏற்பாடு பண்ணிக் குடு."

"ஏன், என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. இதே வயசுல."

விடிகாலையில் சுவருக்குள்ளே யாரோ தட்டுகிறார்கள் என்று அம்மா சொல்ல ஆரம்பித்து, பிறகு அடுப்பை மறந்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவள்.

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். எனக்கே கேக்குது, வேற யாருக்கும் கேக்கல. அப்புறம் என்னத்த நம்பி நான் அந்த மனுஷன உக்கார வச்சு ஓட்டறது?"

காதுக்காரர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எப்போ கேக்குது?" என்றார்.

"எடுத்த உடனே. அத்தானுக்குக் குளிர் ஆகாதில்ல, அவர் ஏறறதுக்கு முன்னாடியே ஹீட்டர் போட்டு வண்டிய சூடாக்கி வைப்பேன். அப்போதான். அவர் வந்து ஏறும்போது நின்னுடும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட?"

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அவர் அக்கா வீட்டு வாசலில் நின்றார். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தை ஒரு தகடு மூடியிருந்தது. அதைக் கழற்றினார். இரும்பு சில்லென்றிருந்தது. "போடு" என்றார். அக்கா தயங்கினாள். பிறகு சாவியைத் திருப்பினாள்.

டிக். டிக். டிக். நகத்தால் தகரத்தைத் தட்டுவது போலச் சுத்தமாகக் கேட்டது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனார். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு சின்ன ஊதல் கையில் பட்டது, தூங்கும் குழந்தையின் மூக்குக்கு நேரே விரல் வைத்தது போல. டார்ச்சை அடித்துப் பார்த்தார். குழாயில் ஒரு மயிரிழை விரிசல், அதன் கரையோரம் மை தீட்டினாற்போலக் கரி.

இரும்பு சூடேறத் தொடங்கியது. கையை எடுத்துக்கொண்டார், கண்ணை எடுக்கவில்லை. ஊதல் மெலிந்தது. டிக் தேய்ந்தது. நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது, விரிசலின் இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சத்தம் சுவடே இல்லாமல் போய்விட்டது.

சூட்டில் இரும்பு விரியும் என்பது அவருக்குத் தெரியாத சங்கதியா? முப்பது வருஷமாகக் கட்டிப் புரளுகிற இரும்பு. ஆனால் அது தினம் காலையில் வாய் திறந்து சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் தானே தைத்துக்கொள்கிறது என்பதை நினைத்தபோது அவருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கேட்கிறவளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறது. இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு தான் அந்த நான்கு நிமிடத்தைத் தேநீர் குடித்தே கழித்திருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

வண்டியை அணைத்து, மத்தியானம் வரை ஆறவிட்டார்கள். இந்தமுறை அவர் சாவியைத் திருப்பினார். அக்காவின் கை குழாயருகே இருந்தது. டிக் கேட்டது. அவள் முகம் மாறியது.

"மூச்சு விடுதுடா" என்றாள் மெதுவாக.

"ஆமாக்கா. நீ கேட்டது அத்தனையும் நிஜம். எஞ்சின் நல்லா இருக்கு, இந்தக் குழாய் மட்டும்தான். புகை உள்ள வந்துடக் கூடாது, அதனால இன்னைக்கே மாத்திடறேன். நாளைக்கு நீயே அத்தானைக் கூட்டிட்டுப் போ."

சாவியை அவள் கையில் வைத்தார். அவள் விரல்களை மடக்கிக்கொண்டு அழுதாள். தேற்றத் தெரியாமல் அவர் கரி துடைக்கிற துணியை நீட்ட, அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

கொஞ்சநேரம் கழித்து அவள் கேட்டாள். "அம்மா சொன்ன சுவத்துல, விடிகாலைல, நாம யாராவது காது வச்சுப் பாத்தோமா?"

அம்மா இருந்த அந்த வீட்டை இடித்துப் பல வருஷமாகிறது.

"இல்லக்கா" என்றார் காதுக்காரர். "அப்பவும் நான்தான் சிரிச்சேன்."