ஒரே சஹனில்

தென்னூர் நஸ்ருல்லாவின் மகள் சம்ரீனுக்கு மாதம் ஒருமுறை தோல் முழுதாகக் கழன்று வந்தது. முதல் தடவை, கட்டிலில் கிடந்ததைத் துப்பட்டா என்று நினைத்து அவள் அம்மா வஹீதா அலசி மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டாள். எதிர்வீட்டு ஆஃப்ரின்தான் அதில் காது இருப்பதைப் பார்த்துச் சொன்னாள். தில்லை நகர் டாக்டரம்மா, "எல்லாருக்கும்தாங்க உரியுது. நமக்குத் தூசியாப் போகுது, பாப்பாவுக்கு முழுசா வருது" என்று தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். ஓர் ஆடிக் காற்றில் ஒன்று ஸ்ரீரங்கம் வரை பறந்துபோக, அங்கே யாரோ மடித்து ஆட்டோவில் கொடுத்தனுப்பினார்கள்.

தோல் காவலில் கண்டிப்பாக இருந்தது. கொசு அவள் கைக்கு ஒரு விரற்கடை தள்ளியே நின்று திரும்பியது. பழக்கமில்லாத ஆட்களின் கையும் அங்கேயே நின்றது. வளையல் கடைக்காரர், "நீயே போட்டுக்கம்மா" என்று நீட்டிவிடுவார். "இவ இசட் பிளஸ் பாதுகாப்புடி" என்றார்கள் பள்ளித் தோழிகள்.

அவள் மூன்றாவது படிக்கையில் சவூதிக்கு, தம்மாமுக்கு வேலைக்குப் போய் இடையில் வராத நஸ்ருல்லா, அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது திரும்பி வருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து சம்ரீன் சரியாகச் சாப்பிடவில்லை. "அத்தா முத்தம் குடுத்த தோலெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா. இதுக்கு அவரத் தெரியாது. தடுத்துட்டா?"

தடுத்தது. விமான நிலையத்தில் அவர் கை அவள் நெற்றிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அவர் கையைப் பார்த்தார், பிறகு பேன்ட் பையில் விட்டுக்கொண்டார். வீடு வரும்வரை சம்ரீன் கார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வஹீதா நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கியிருந்தாள். தனித்தட்டு எடுக்காமல், விருந்துக்குப் போடுவதுபோல் ஒரே பெரிய சஹன் தட்டில் சோற்றைக் குவித்து நடுவில் வைத்தாள். "ரெண்டு பேரும் இதுலயே உக்காருங்க. கூட உக்காந்து சாப்பிடாதவங்கள அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அந்த ஓரத்திலிருந்தும் இவள் இந்த ஓரத்திலிருந்தும் ஆரம்பித்தார்கள். நடுவில் சோறு குறைந்துகொண்டே வந்தது. அவர் நல்லி எலும்பை அவள் பக்கம் தள்ளினார்.

"வேணாம்த்தா."

"சின்னதுல இதுக்குத்தான அழுவ?"

அவள் எடுக்கப் போனாள். நெய்யில் இரண்டு பேர் விரலும் இடித்துக்கொண்டன. வயிறு நிறைந்திருந்தும் நஸ்ருல்லா, "இன்னுங் கொஞ்சம் சோறு வையி" என்றார்.

அடுத்த மாதம் உரிந்த தோலின் நெற்றியில், அன்று அவர் தாளிச்சாக் கையோடு தொட்ட நான்கு விரல் தடம் மஞ்சளாக இருந்தது. புதுத் தோலும் அவரைத் தடுக்கவில்லை. மேலே இருப்பதுதான் போகும், அடியில் இருப்பது பார்த்த ஆளை மறக்காது, ரொம்ப வருஷம் காணாவிட்டால்தான் கொஞ்சம் தயங்கும் என்றார் டாக்டரம்மா. பழையதை நஸ்ருல்லாவே அலசி, காது மடங்காமல் இழுத்துவிட்டுக் கொடியில் போட்டார். காற்று அதிகமாக இருந்ததால் இரண்டு கிளிப் மாட்டினார்.