வாடகை சைலன்சர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மாலை என் ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம்.

எனக்குக் கீழ் வீட்டில் குடியிருப்பவருக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் இடியார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. தன் மோட்டார் சைக்கிளில் கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தடியாகவும் பளபளப்பாகவும் ஒன்றை மாட்டியிருந்தார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே என் ஜன்னல் கிடுகிடுக்கும், மேசைமேல் பேனா உருளும், எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் பாதியில்

(பார்த்தீர்களா, இப்படித்தான்.)

அன்று அவர் வரும் நேரம் வந்தது, கடந்தும் போனது. கண்ணாடி அசையவில்லை. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ, மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று படிக்கட்டுக்கு ஓடி, கைப்பிடிமேல் குனிந்து பார்த்தேன். இடியார் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மணி அடிக்கவுமில்லை, சாவியை எடுக்கவுமில்லை.

சொந்த வீட்டு வாசலில் ஒருவர் ஏன் அப்படி நிற்க வேண்டும்? அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். படிக்கட்டில் நின்று பார்த்ததும் கேட்டதும் கொஞ்சம், மெக்கானிக் வாய்விட்டது கொஞ்சம், மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "சட்டத்துக்குக் காது கிடையாது, கருவிதான் உண்டு." எழுதியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுநாள் படித்தால் மேடைப் பேச்சு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "பாலத்து இறக்கத்தில் வண்டி சறுக்கியபோது இடியாரின் கண்முன் மகளின் முகம்"

வேண்டாம். சத்தமாக வண்டி ஓட்டினார் என்பதற்காக ஒரு மனிதரைக் கொன்றுவிடலாமா? உண்மையைச் சொன்னால், ஒரு வரைவில் கொன்றேன். அடுத்ததில் காலை முறித்தேன். அதற்கடுத்ததில் மனைவியைப் பெட்டியோடு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் கீழ் வீட்டிலிருந்து அவர் நன்றாகத் தொண்டையைச் செருமுவது காதில் விழும். அப்பாடா என்று இருக்கும். தாளைக் கிழித்துப் போடுவேன்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்:

நாற்சந்தியில் கை காட்டி நிறுத்தியபோதும் இடியார் இன்ஜினை அணைக்கவில்லை. போக்குவரத்து எஸ்.ஐ. பக்கத்தில் வந்து, சாவியைத் தானே திருப்பி அணைத்துவிட்டு, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

(முதலில் இந்த எஸ்.ஐ.யை லஞ்சத்துக்குக் கையை நீட்டுகிறவராகத்தான் எழுதினேன். பழக்கதோஷம். காதில் பஞ்சை வைத்ததும் அந்த அம்மா வேறு ஆளாகிவிட்டார். நாள் முழுக்க நாற்சந்தியில் நிற்கிறவருக்குக் காது வலிக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.)

"சொல்லுங்க சார், இது கம்பெனி சைலன்சரா?"

இடியார் மென்று விழுங்கினார். கம்பெனியுடையது இல்லைதான், ஆனால் இது வெறும் அலங்காரம், கடையில் எல்லாரும் பார்க்கத் தொங்கவிட்டு விற்கிறார்கள், விற்பது குற்றமில்லை என்றால் மாட்டுவது மட்டும் எப்படிக் குற்றம் என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததால் அவருக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

எஸ்.ஐ. கோபப்படவில்லை. கடைக்காரர்களிடமும் போகத்தான் போகிறோம், இப்போது ரோட்டில் நிற்பது நீங்கள் என்றார். பிறகு கையடக்கமான கருவியைச் சைலன்சருக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வண்டியை உறுமவிடச் சொன்னார். எண் ஏறியது. எண்ணைத் திருப்பி அவருக்கே காட்டினார்.

"வீட்டுக்குப் போனாலும் இந்தச் சத்தம் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு சார். என் வீட்ல என்ன பேசிக்கிறாங்கன்னே எனக்குக் கேக்க மாட்டேங்குது."

இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. இடியார் அபராதத்தைக் கட்டினார். வண்டியின் பதிவுப் புத்தகம் எஸ்.ஐ.யின் கைக்குப் போனது. பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து காட்டினால் புத்தகம் திரும்பக் கிடைக்கும், காட்டாவிட்டால் வண்டி உள்ளே நிற்கும்.

3

கொஞ்சம் சட்டம் பேசிவிடலாம். கதை மட்டும் போதும் என்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.*

விதி சொல்வது சுருக்கம்: தயாரித்தவர் எப்படிக் கொடுத்தாரோ, பதிவுப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, வண்டி அப்படியே இருக்க வேண்டும். சீட்டுக்கு உறை போடலாம், வண்ணத்தை மாற்ற வேண்டுமானால் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும், சைலன்சரில் கை வைக்கவே கூடாது. எழுத்தில் இது தெளிவு. தெருவில் அப்படியில்லை. ஒரு வண்டியில் ஹேண்டில்பார் ஆகாயத்தைப் பார்க்கும், போலீஸ் கண்டுகொள்ளாது. இன்னொன்றில் கண்ணாடியை மாற்றியதற்கு ஓரங்கட்டுவார்கள். இன்றைக்கு ஒழுங்கு வாரம் என்றால் பிடிப்பு, அடுத்த வாரம் வேறு வேலை. ஆகவே வண்டிக்காரர்கள் விதியைப் படிப்பதில்லை, வாரத்தைப் படிக்கிறார்கள்.

* பொய். வருத்தப்படுவேன்.

இடியார் ஏன் அதை மாட்டினார் என்பதற்கு எனக்கு ஒரு யூகம் உண்டு. அவர் தொழிலே சத்தத்தைத் தேடிப் பிடித்து அடக்குவது. லிஃப்டில் கிறீச்சிடுகிறது, உரசுகிறது, தடதடக்கிறது என்று கூப்பிடுவார்கள். போய்ச் சரி செய்வார். வேலை ஒழுங்காக முடிந்தால் அவர் வந்துபோன சுவடே இருக்காது. எந்தக் கட்டடத்திலும் அவர் முகம் யாருக்கும் ஞாபகமில்லை. அப்படிப்பட்டவர் சாயங்காலம் தன் தெருவுக்குள் நுழையும்போது நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று நினைத்திருக்கலாம். இது தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள், ஜன்னல் என்னுடையது.

ஒன்று மட்டும் யூகமில்லை. இத்தனை சத்தத்தோடு வந்து இறங்குகிற மனிதர், கதவைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன இங்க சத்தம்?" தலை கனத்து வருகிறவருக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும். இருந்தது. என் பொண்டாட்டி, பொண்ணு ரெண்டு பேரும் வாய் பேசாத ஜாதி என்று அவர் என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பகல் முழுக்க நான் மேல் வீட்டில் இருக்கிறவன். அம்மாவும் பெண்ணும் அடிக்கிற கொட்டம் எனக்குத்தானே தெரியும். தெருமுனையில் இடி கேட்டதும் டிவி நிற்கும், போன் வைக்கப்படும், புத்தகம் விரியும், சிரிப்பு பாதியில் அறுந்துவிடும். தினமும் அது அறுவதைக் கேட்டிருக்கிறேன்.

4

பழைய சைலன்சருக்கு எங்கே போவது? புதிதாகச் சொல்லிவைத்தால் வர வாரக்கணக்காகும். அதுவரை வண்டி இல்லாமல் முடியாது. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள், இவர் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியுமா? முகத்தில் ஈயாடாமல் மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

மெக்கானிக் கவலையே படவில்லை. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த ஒரு கம்பெனி சைலன்சரை இறக்கி, துணியால் ஒரு துடை துடைத்தார். அடியில் ஒரு நசுங்கல், நசுங்கலுக்குப் பக்கத்தில் பச்சை பெயின்ட் தெறித்திருந்தது.

"புதுசெல்லாம் எதுக்குண்ணே? காலையில மாட்டிக்கிட்டுப் போங்க, காட்டுங்க, புக்கை வாங்குங்க. சாயங்காலம் கொண்டாந்தீங்கன்னா உங்களோடதையே திரும்ப மாட்டித் தந்துடறேன்."

அது வாடகை சைலன்சர். அந்த வட்டாரத்தில் பிடிபட்ட வண்டிகளெல்லாம் அதைத்தான் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் வந்தன. மெக்கானிக்கே அந்த ஸ்டேஷனுக்கு அத்தனை தடவை போயிருக்க மாட்டார்.

5

ஸ்டேஷன் வாசலில் எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இதை எனக்கு நல்லாத் தெரியும் சார்," என்றார். "போன வாரம் ஒரு சிவப்பு வண்டியில வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு வாத்தியார் வண்டியில. இந்தப் பச்சை பெயின்ட்டைப் பாக்காம எனக்கு வாரமே ஓட மாட்டேங்குது."

இடியாருக்கு வியர்த்தது. கையும் களவுமாக மாட்டுவது என்றால் இதுதான்.

[இந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எஸ்.ஐ. வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக் கடைக்குப் படையோடு போகலாம். இடியார் அழலாம். எல்லாம் எழுதினேன், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் எஸ்.ஐ.யை அவர் போக்கில் விட்டேன்.]

"வாடகைதானே?"

"ஆமா மேடம்."

பொய் சொல்லாதது எஸ்.ஐ.க்குப் பிடித்திருக்க வேண்டும். சட்டப்படி தன் முன்னால் நிற்கிற வண்டி சரியாக இருக்கிறது, நாளைக்கு எப்படி இருக்கும் என்று சோதிக்கத் தன்னிடம் கருவி இல்லை என்றார். பதிவுப் புத்தகத்தை நீட்டினார். இடியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணு மட்டும் செய்ங்க. இன்னிக்கு இதோடயே வீட்டுக்குப் போங்க. கழட்டறதுன்னா நாளைக்குக் கழட்டிக்குங்க."

அவர் சொல்லியிருக்காவிட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். வேலை முடிந்து போனபோது மெக்கானிக் கடை பூட்டியிருந்தது.

6

தெருமுனையில் வண்டி திரும்பியது, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடியாருக்கு உடம்பில் துணியில்லாதது போலிருந்தது. வண்டியை நிறுத்திப் படியேறினார். தன் கதவுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. தளம் மாறி வந்துவிட்டோமா என்று கதவு எண்ணைப் பார்த்தார். அவருடைய எண்தான்.

உள்ளே மகள் வாயாலேயே அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். டப் டப் டப் டுர்ர்ர். வண்டி நிற்கிறது. படியில் காலடி. பிறகு கட்டைக் குரலில் மனைவி: "என்ன இங்க சத்தம்?" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அச்சு அசல் அவர் குரல். இத்தனை வருஷத்தில் மனைவிக்கு இப்படியொரு திறமை இருப்பது அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் அவர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தது. அப்போதுதான் நான் மேலே வந்து குனிந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவமானம் என்று நினைத்தேன், இல்லை. கோபமும் இல்லை. தான் வந்தால் இந்த வீட்டில் எது நின்றுபோகிறது என்பதை முதல்முறையாகக் காதால் கேட்ட மனிதர் அவர். மணியை அடித்தால் அது இன்றைக்கும் நின்றுவிடும். அவருக்கு அந்தப் பயம்தான். அந்தச் சிரிப்பு தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று அவருக்கு இருந்தது, எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியவில்லை.

உள்ளே சிரிப்பு தானாகவே அடங்கியது.

"ஏம்மா, இன்னும் அப்பா சத்தத்தையே காணோம்?"

"வந்துடுவார். எனக்கும் அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் உள்ளுக்குள்ள அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."

(இந்தக் கடைசி வரியை நிஜமாகவே கேட்டேனா, அவர் மேல் இரக்கப்பட்டு நானே போட்டுக்கொடுத்தேனா? சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் அவர் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். எதையோ கேட்டால்தானே தோள் அப்படி இறங்கும்?)

7

முடிவுகள்.

அ. மணி அடிக்கிறார். அமைதி. "என்ன இங்க சத்தம்?" என்று உள்ளே போகிறார். மறுநாள் பழைய இடி. என் ஜன்னல் கிடுகிடுக்கிறது. இப்படி முடிந்தால் நான் வீடு மாற்ற வேண்டும்.

ஆ. சத்தமில்லாமல் கீழே இறங்கி, வண்டிமேல் உட்கார்ந்து, கண்களில்

வேண்டாம், அவரை அழவிடுவதில்லை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

இ. சில நாள் கழித்து என் ஸ்கூட்டருக்கு பிரேக் பார்க்கப் போயிருந்தேன். மெக்கானிக் புலம்பித் தீர்த்துவிட்டார். ஒரு ஆளை நம்பிக் கொடுத்தேன், திருப்பிக் கேட்டால் விலை போட்டுக் காசைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார், இனி பிடிபட்டு வருகிறவர்களுக்கு எதைக் கொடுப்பேன், என் பிழைப்பில் மண் விழுந்தது என்றார். ஆணி வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே தரையில், தடியாகப் பளபளவென்று ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் அவருக்கு அனுதாபம் தெரிவித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆக, வண்டிக் கணக்கு தீர்ந்தது. கதவுக் கணக்கு பாக்கி. அதில் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறேன்.

அன்று மாலை இடியார் ஷூவைத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். கதவோடு ஒட்டி நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு, நாற்பது தாண்டிய மனிதர், மெதுவாக ஆரம்பித்தார்: டப். டப். டப். டப டப டப டுர்ர்ர்.

உள்ளே சட்டென்று எல்லாம் நின்றது. டிவி நின்றது. நாற்காலி ஒன்று தரையில் உரசி நின்றது. நான் படிக்கட்டில் மூச்சை அடக்கினேன். அவரும் அடக்கியிருப்பார். பிறகு அவர் தொண்டையைச் செருமி, தன் மனைவி பேசியதுபோலவே தன் குரலைப் பேசினார்:

"என்ன இங்க சத்தம்?"

அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் கிளம்பிய சிரிப்பில் என் ஜன்னல் அதிர்ந்தது என்று சொன்னால் அது எழுத்தாளன் கப்சா. ஆனால் சிரிப்பு கிளம்பியது. முதலில் சிரித்தது மகளா, மனைவியா, அவரேதானா என்று மேலேயிருந்து எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் இப்போது கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். கேட்டுச் சொல்லுங்கள்.