கொடியில் சீப்பு எங்கே?

கோந்த்ரானின் சவப்பெட்டியைச் சுமக்க ஆறு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் ஒரு ராஜாவின் ஆட்கள், மூன்று பேர் இன்னொரு ராஜாவின் ஆட்கள். பழைய ராஜ வம்சத்தின் ஸ்பெயின் கிளைக்கு ஒரு ராஜா, ஓர்லேயான் கிளைக்கு ஒரு ராஜா, இரண்டுக்கும் தனித்தனிச் சங்கம். பிரான்சில் சிம்மாசனம் என்ற ஒன்றே இல்லாமல் போய் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டா!

விதவை ஒடிலுக்கு இவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். புருஷன் இரண்டு சங்கத்திலும் உறுப்பினர். எங்கே பன்றித்தொடை விருந்தோ அங்கே அவருடைய ராஜபக்தி. ஆனாலும் சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "என் சிநேகிதங்கதான் என்னைத் தூக்கணும்" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு ஆசைக்காக, கூலிக்குச் சுமப்பவர்களை அவள் வேண்டாமென்று அனுப்பியிருந்தாள்.

கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நல்ல மேடு. மழை வேறு. பாதி தூரம் ஏறியதும், ஸ்பெயின் கிளையின் ஆளான திபோ, பெட்டிமேல் கிடந்த, பழைய ராஜாக்களின் வெள்ளைக் கொடியை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"இதுல சீப்பு எங்கே?"

மூத்த கிளையின் கொடியில் மூன்று லில்லிப் பூ மட்டும் இருக்கும். இளைய கிளையான ஓர்லேயான் என்றால் பூக்களுக்கு மேலே பல் வைத்த பட்டை ஒன்று வேண்டும். அதைத்தான் சீப்பு என்றார். கொடியைக் கொண்டுவந்தது ஓர்லேயான் கிளையின் எமெரிக்.

"சீப்பெல்லாம் அந்தக் காலம். இப்ப நாங்கதான் மூத்த கிளை."

"யாரு, நீங்களா? ராஜாவா இருந்த சொந்தப் பங்காளி தலைய வெட்டச் சொல்லி ஓட்டுப் போட்டவன் வம்சம், மூத்த கிளையா?"

"சிம்மாசனமே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஸ்பெயினுக்கு ஓடினவன் வம்சம் பேசுது பாரு!"

கையை வீசிப் பேச வசதியாக, ஆறு பேரும் பெட்டியை இறக்கி வைத்தார்கள். சேற்றில்.

ஒடிலுக்கு அழுகை வந்தது. அதைவிட அருவருப்பு அதிகமாக வந்தது. முப்பத்தெட்டு வருடம் இந்த வாய்களுக்குச் சமைத்துக் கொட்டியிருக்கிறாள்.

"ஐயா, அவர் மழையில கெடக்காரு."

"ஒரு நிமிஷம் மதாம். இது கொள்கை விஷயம்," என்றார் திபோ, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சாலையோரம் குழாய்க்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்த நகராட்சி ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். ஐந்து பேர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேஸ்திரி கரீம் அவள் அருகில் வந்தார்.

"தூக்கிடலாமாம்மா?"

ஒடில் தலையாட்டினாள். கொடியை உருவி, பெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை அதாலேயே துடைத்து, எமெரிக்கின் கையில் திணித்தாள். ஆறாவது கைப்பிடியைத் தானே பிடித்தாள்.

"கோவிச்சுக்காத, கோந்த்ரான். உன் சிநேகிதங்க வேலையா இருக்காங்க."

பெட்டி நகர்ந்த பிறகுதான் அந்தப் பெரிய மனிதர்களுக்குச் சுரணை வந்தது. பின்னால் ஓடிவந்தார்கள். வந்த வேகத்தில், பெட்டிக்குப் பின்னால் முதலில் நடக்கும் உரிமை எந்தக் கிளைக்கு என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது. அது முடிவதற்குள் கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒடில் திரும்பி வந்து வாசல் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"மதாம்! நாங்க உள்ள வர வேணாமா?" என்று கம்பியைப் பிடித்தார் திபோ.

"நூத்தம்பது வருஷமா வெளியதான நிக்கறீங்க? இன்னும் அரை மணி நேரம் நிக்க முடியாதா?"