சின்ன பி, பெரிய பி

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் முதலாளிக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் கால்குலேட்டர். எதைக் கேட்டாலும் பட்டென்று விடை வரும். சரியான விடையா என்றுமட்டும் கேட்கக் கூடாது.

நூலகக் கட்டடப் போட்டிக்கு வரைபடங்களை இணையத்தில் அனுப்ப அன்று பகல் பன்னிரண்டு மணிவரைதான் நேரம். அத்தனையும் அங்கே வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தியே எட்டு மாதம் கண் எரிய எரிய வரைந்தவை. ஜெயித்தால் அவள் பெயர் சொல்லி எழும் முதல் கட்டடம் அது. கால்குலேட்டரோ பதினொன்றரை மணிக்கு, முதல் பக்கத்தின் அடியில் சிறிதாகக் கிடந்த தன் பெயரை உச்சிக்கு ஏற்றிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஃபைல் மூவாயிரம் எம்பி. இப்பவே அனுப்பிடலாம்."

"நம்ம நெட் லைன் செகண்டுக்கு நூறு எம்பி. மூவாயிரத்தை நூறால வகுத்தா முப்பது. முப்பதே செகண்டு! ஏம்மா பதறுற?"

"லைனுக்குப் போட்டிருக்கறது சின்ன பி சார், பிட். ஃபைலுக்குப் பெரிய பி, பைட். எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். நாலு நிமிஷம் ஆகும்."

"எழுத்து சின்னதா இருந்தா என்ன, பெருசா இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதான். எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா?"

அடேங்கப்பா, என்ன ஞானம்! இவரிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம். சுவராவது எதிர்த்து வகுக்காது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டு. பெயர் பக்கத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. கால்குலேட்டர் அகம் குளிர்ந்து பொத்தானை அழுத்தினார். முப்பதாவது செகண்டில் கைதட்டத் தயாராக இருந்தார். திரையில் பன்னிரண்டு சதவீதம். சரியாகப் பாதி போனபோது மணி பன்னிரண்டு அடித்தது, போட்டிப் பக்கம் மூடிக்கொண்டது.

"நெட்காரன் ஏமாத்திட்டான்! திருட்டுப் பய! எல்லாம் போச்சே!" நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"போகலை சார். பதினொண்ணே முக்காலுக்கே என்கிட்ட இருந்த ஃபைலை அனுப்பிட்டேன். கிடைச்சுதுன்னு பதிலும் வந்தாச்சு."

கால்குலேட்டருக்கு உயிர் வந்தது. உடனே முகம் மாறியது.

"உன்கிட்ட இருந்ததா? அதுல என் பேரு?"

"இருக்கு சார், அடியில, சின்ன எழுத்துல. சின்னதோ பெருசோ, எல்லாம் ஒண்ணுதானே?"