பசானுக்கு விழுந்த பனி

தவக்காலத்தில் லா ஷப்பல் தேவாலயத்தில் நாங்கள் பாடிய பசானை ஸ்வீடன் இயக்குநர் ஒருவர் கேட்டுவிட்டார். இறந்த மகனுக்காக மாதா அழுகிற அந்தப் பாட்டைத் தன் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தார். வேதப்படம் என்றே பத்திநாதர் அண்ணையும் நானும் நம்பிப் பாடினோம். பிறகுதான் உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவுகிற பிரெஞ்சுக்காரன் சொன்னான், அந்த ஆள் எடுத்த எட்டுப் படத்திலும் அம்மணம்தான், இரண்டுக்கு அவருடைய நாட்டிலேயே தடை என்று. எங்களை ஏமாற்றிப் பேயராக்கிவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் வந்த அன்றே போய்க் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கட்டில்தான். அண்ணை செபமாலையை விடவேயில்லை. முடிவில் ஒரு தாய் தனியாக நின்று மகனின் குழிக்கு மண் போட்டாள். பனி கொட்டியது. அப்போதுதான் எங்கள் குரல் எழுந்தது. முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு மூச்சு வந்தது.

மெட்ரோப் படியில் அண்ணை என்னை நிறுத்தினார்.

"ஸ்ரனிஸ்லாஸ், ரெண்டாம் அடியிலை நீ சுருதி விட்டிட்டாய். இனி ஊர் உலகமெல்லாம் அதைக் கேக்கப்போகுது."