அடிமூடியில் சுற்றிய சணல்

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவன் ஃப்ரானே கோட்டைக்கூடக் கழற்றாமல் நீச்சல் குளத்துப் பம்பு அறைக்குள் புகுந்தான். அன்று இரவு மலையிலிருந்து புரா காற்று இறங்கும், தண்ணீர் உறையும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். வடிகட்டித் தொட்டியில் தண்ணீர் நின்றால் அது உறைந்து தொட்டியைப் பிளந்துவிடும். அதை வடிப்பதற்கு இருக்கும் ஒரே வழி தொட்டியின் அடிமூடி.

அந்த மூடி இருக்கும் இடத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சுவரைப் பார்த்து, தரையை ஒட்டி, கை சிரமப்பட்டு நுழையும் சந்தில் இருக்கிறது. குப்புறப் படுத்தால்தான் எட்டும். ரெஞ்சைக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப முடியாது. வருஷா வருஷம் ஃப்ரானேதான் அதைக் கழற்றி மாட்டுவான். போன குளிர்காலத்தில் அது இறுகிப்போய், ஃப்ரானே உடைத்துத்தான் எடுத்தான். புதுமூடியையும் அவனே போட்டான்.

அந்தச் சனியன் பிடித்த மூடியால்தான் யெர்கோவோடு பேச்சு நின்றது. யெர்கோ எங்கள் கூம். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன், எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். கூம் என்றால் இங்கே கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். குளத்துக்குக் குழாய் வேலை செய்தவனும் அவன்தான். மூடி உடைந்த மறுநாள், ஊரார் பந்து உருட்டி ஆடுகிற இடத்தில், எல்லார் முன்னாலும் ஃப்ரானே வாயை விட்டான்.

"பிளாஸ்டிக் மூடியில போய் சணலைச் சுத்தி வச்சிருக்கான் நம்ம குழாய் மேதை."

"நான் சணலே வைக்கல. நீதான் வச்சிருப்ப" என்றான் யெர்கோ.

"நானா? வச்சா எனக்குத் தெரியாதா?"

அதோடு சரி. எதிரே வந்தால் இவன் கடலைப் பார்ப்பான், அவன் மலையைப் பார்ப்பான். ஈஸ்டர் முடிந்ததும் மகளுக்குக் கல்யாணம். ஞானத்தகப்பன் இல்லாத மேசையில் அவளை எப்படி உட்கார வைப்பேன்?

ஃப்ரானே படுத்து ரெஞ்சை நீட்டினான். ரெஞ்சே தேவைப்படவில்லை. மூடி விரலிலேயே கழன்று வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

"தண்ணி எங்கடி?"

"என்னைக் கேட்டா? நானா குடிச்சேன்?"

நேற்றுத்தான் பம்பு ஓடியது. தொட்டி எங்காவது விரிந்துவிட்டதா என்று டார்ச்சு அடித்துத் தடவித் தடவிப் பார்த்தோம். தரை காய்ந்து கிடந்தது. அதைவிட, மூடி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இது கறுப்பா இருந்துச்சே, தோன்கா."

"நீ என்னைக்கு நிறம் பாத்த? போன மாசம் என் தலைக்குச் சாயம் அடிச்சதே உனக்குத் தெரியல."

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கும் கறுப்பு என்றுதான் ஞாபகம். மண்டை குழம்பிவிட்டது.

"நிரப்பிப் பாத்தா விரிசல் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்றான். என்னோடு பேசிக்கொண்டே மூடியைப் பழையபடி முடுக்கினான். வால்வைத் திறந்தோம். தொட்டி நிறைந்தது, எங்கும் கசியவில்லை. அப்பாடா என்று சூப்பும் வேகவைத்த இறைச்சியும் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்து வடிக்கப் போனால் மூடி அசையவில்லை. ரெஞ்சு வழுக்கி அவன் விரல்முட்டித் தோல் உரிந்தது. நான் படுத்து முயன்றேன், என் இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். வெளியே வெயில் இறங்கி, காற்று கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தது. காலையில் விரலில் கழன்ற மூடிக்கு மத்தியானத்துக்குள் என்ன வந்தது? டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். மூடி விளிம்பில் பூனை மீசை மாதிரி ஒரு நார் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஃப்ரானே, இது என்ன?"

"சணல்." அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? யெர்கோ வேலை."

"காலையில கழட்டினப்போ இல்லையே. அதுக்கப்புறம் நீதானே போட்ட?"

அப்போதுதான் எனக்கே கண்முன் வந்தது. என்னோடு பேசியபடியே அலமாரி டப்பாவில் கைவிட்டு நாரை இழுத்தான், சுற்றினான், எச்சில் தொட்டுத் தடவினான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு எந்தத் திருகு மரையைக் கண்டாலும், கசியாமலிருக்கச் சுற்ற, கை தானாகச் சணலைத் தேடும். நனைந்தால் சணல் ஊதும், ஊதினால் மூடி இறுகும்.

"நானா சுத்தினேன்?"

"பின்ன, பாதிரியாரா வந்து சுத்தினாரு?"

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலிடுக்கில் நார் ஒட்டியிருந்தது. "அப்போ அன்னைக்கும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். என் போனில் யெர்கோவைக் கூப்பிட்டு அவன் கையில் வைத்தேன்.

"கூம்" என்றான். "அந்த அடிமூடி..."

"மூடி இறுகிடுச்சா?" யெர்கோவின் குரல் எனக்கே கேட்டது. "நீங்க பூசையில இருந்தப்போ நான்தானேடா வந்து வடிச்சேன். நீ சுத்தின சணலை அறுத்து எடுக்கவே பாதி நேரம் போச்சு. விரலால திறக்கிற மாதிரி ரப்பர் வாஷரோட புது மூடி போட்டேன். அதுல எதுக்குடா சணல்?"

"எங்கமேல கோவமா இருந்தியே, எதுக்கு வந்த?" என்றான் ஃப்ரானே.

"கோவம் உன்மேல. நான் வச்ச தொட்டி என்ன பண்ணுச்சு?"

இருட்டுவதற்குள் வந்துவிட்டான். எனக்குத் தலையாட்டினான், தரையில் படுத்தான், ரம்பத் தகட்டால் மூடியை அறுத்துப் பெயர்த்தான். டார்ச்சோடு குனிந்திருந்த ஃப்ரானேயின் பூசைக்கோட்டெல்லாம் தண்ணீர்.

"போன தடவையும் நான்தான் சுத்தியிருப்பேன் போல" என்றான் ஃப்ரானே.

"போலவா?"

"நான்தான்."

"அதைப் பந்து ஆடுற இடத்துல சொல்லணும்."

"சொல்றேன்."

யெர்கோ பையிலிருந்து இன்னொரு சாம்பல் மூடியை எடுத்தான். காலையிலேயே இரண்டாக வாங்கியிருக்கிறான், இவனைத் தெரியாதா அவனுக்கு. அதை விரலாலேயே முடுக்கிவிட்டு எழுந்து, அலமாரியிலிருந்த சணல் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அது என்னோடது" என்றான் ஃப்ரானே.

"பொண்ணு கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வரேன்" என்றான் எங்கள் கூம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு ஒரு தட்டு வைக்க உள்ளே போனேன்.