ஏழாம் கட்டில் துணி

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவனுக்கு மோப்பக்காரன் என்றுதான் பெயர். மூட்டையைப் பிரிக்கும் முன்பே முகர்ந்து பார்த்து, எந்த வார்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவான். பதினோரு வருடச் சர்வீஸ் என்றால் சும்மாவா? குழந்தைகள் வார்டு மூட்டை இறங்கினால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, இத்தனூண்டு உடம்புக்குள் குளமா வெட்டி வைத்திருக்கிறதுகள் என்று அலுத்துக்கொள்வான்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான், பாவம். அவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு மூத்திரமே சரியாகப் போகவில்லை. நீர் இறங்கும் பாதையில் சவ்வு ஒன்று குறுக்கே வளர்ந்து அடைத்துக்கொண்டு, சிறுநீரகம் இரண்டும் வீங்கிவிட்டன. பத்தொன்பதாம் நாள், வயிற்றைக் கிழிக்காமல், நுனியில் விளக்கு வைத்த மெல்லிய கருவியை அந்தப் பாதை வழியாகவே விட்டு, டாக்டரம்மா சவ்வை வெட்டிவிட்டார். இரண்டு நாள் குழாய் வழியே பைக்குள் சொட்டியது. இன்று காலை குழாயை எடுத்தாயிற்று. சாயங்காலத்துக்குள் தானாகப் போனால் தப்பித்தான். இல்லாவிட்டால் அடிவயிற்றில் ஓட்டை போட்டு நீரை வெளியே விட வேண்டிவரும். டயப்பர் வேண்டாம், துணியிலேயே கிடக்கட்டும், நனைந்தால் உடனே தெரிய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

வார்டுக்குள் தாய்க்கு மட்டும்தான் அனுமதி. போனும் கூடாது. பிள்ளையை அவன் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி, ஒரு தடவை தூக்கியதுகூட இல்லை. அதை நினைத்தாலே கை பரபரத்தது. மேலே போக முடியாதவனைத் தேடிக் கீழே வருவது துணி ஒன்றுதான். மூலையில் கட்டில் எண் தைத்த துணி. நனைந்தாலும் நனையாவிட்டாலும் வேளாவேளைக்கு மாற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அவன் பிள்ளைக்கு ஏழு.

பத்து மணி மூட்டையில் ஏழு காய்ந்து கிடந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பன்னிரண்டு மணி மூட்டையில் ஏழு ஈரம்! அவசரமாக முகர்ந்தான். பால். கக்கியிருக்கிறான் பயல். இந்த மூக்கை வைத்துக்கொண்டு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

மத்தியானச் சோற்றுக்குப் போகவில்லை. மற்ற பிள்ளைகள் நனைத்த துணிகளை மெஷினில் போடப் போட, பெற்றவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று வயிறு எரிந்தது. ஒரே ஒரு தடவை நனைத்துவிடடா ராசா, அப்பன் இனி எந்தப் பிள்ளையையும் திட்ட மாட்டேன் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

நாலரைக்கு வார்டு ஆயா தள்ளுவண்டியோடு வந்தாள். ஏழாம் கட்டில் எப்படி என்று கேட்டான். மூட்டை கட்டுவதுதான் தன் வேலை, மோந்து பார்ப்பது அவன் வேலை என்றுவிட்டாள்.

மூட்டையைப் பிரித்தான். ஏழு கனத்தது. ஓரம்வரை ஈரம். பால் இல்லை, மருந்து இல்லை. பதினோரு வருடமாக அவன் மூக்கைப் பொத்திக்கொண்ட அதே நாற்றம். அப்படியே தரையில் உட்கார்ந்து, துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

பிறகு எழுந்து, அலமாரியில் வெளுத்து மடித்து வைத்திருந்த ஏழாம் எண் துணிகள் அத்தனையையும் அள்ளி ஆயாவின் வண்டியில் வைத்தான்.

"இவ்வளவு எதுக்குப்பா?"

"மேல குடுத்துடுக்கா. துணி தீந்துபோச்சுன்னு என் புள்ள அடக்கிக்கிட்டுக் கெடக்கக் கூடாது."